வெற்றியின் இலக்கணம்: ஆலன், வ. உ. சி., வள்ளுவர்

1. ஆராய்ச்சிப் பொருள்

ஒருவன் வாழ்வில் வெற்றி பெற்றான் என்று உலகம் கூறுங்கால் எதனை அளந்து கூறுகின்றது? அவன் எய்திய பொருளையா, ஏறிய பதவியையா, அன்றி அவற்றை எய்துதற்பொருட்டு அவன் ஆண்ட வினையையா? இவ்வினா அறநூலார்க்கே உரியது போலத் தோன்றும். ஆயினும் இலக்கிய ஆராய்ச்சியாளரும் இதனை எழுப்பியாதல் வேண்டும். என்னை? கடந்த நூறாண்டிற்கு மேலாகத் தமிழில் முன்னேற்ற நூல் என்னும் ஓர் உரைநடை வகை வளர்ந்து வந்துள்ளது. அவ்வகையின் தொடக்கக்கால நூல்களுள் ஒன்று, வ. உ. சிதம்பரம் பிள்ளை ஆங்கிலத்தினின்றும் மொழிபெயர்த்த 'மனம்போல வாழ்வு' என்பது. அது முதலாக இவ்வகை நூல்கள் திருக்குறளைத் தமக்குத் துணையாகக் கொண்டு வருகின்றன. துணையாகக் கொள்ளப்பெறும் குறட்பாக்கள் மிகச் சிலவே. விடப்பெறும் பாக்களோ பல. அவ்வாறு விடுதலால் வள்ளுவர் கூறாத ஒரு கொள்கை வள்ளுவர் பெயரால் வழங்கத் தொடங்கிவிட்டது என்பது எம் கருத்து.

ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியர், அவரைத் தமிழிற் கொணர்ந்த வ. உ. சி., அவ்விருவர்க்கும் காலத்தால் மிக முற்பட்ட வள்ளுவர் ஆகிய மூவரையும் ஒருங்கு வைத்து, தனிமனிதன் வெற்றி இன்னதென்பதையும் அதற்குத் துணையாகும் பண்புகள் இவை என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வாம். குறட்பாக்கள் இவ்விதழைப் படிப்பார்க்கு மனப்பாடமானவை. ஆதலின் அவற்றை ஈண்டு எண்ணால் மட்டுமே சுட்டுவாம்.

2. ஆலனின் கொள்கை

ஜேம்ஸ் ஆலன் இங்கிலாந்து நாட்டு லெஸ்டர் நகரில் 1864இல் பிறந்தார், 1912இல் மறைந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, பதினைந்து வயதளவில் பள்ளியை விட்டு உழைக்கப் புகுந்தவர் அவர். அவருடைய முதல் நூல் 1901இல் வந்தது. 'மனம்போல வாழ்வு' என்பதற்கு மூலமாகிய நூல் 1903இல் வந்தது. அது ஏழே இயல்கள் உடைய சிறு நூல். அதன் தலைப்பு விவிலியத்தின் நீதிமொழிகளிலிருந்து எடுத்துக்கொள்ளப்பெற்றது.

ஆங்கிலத்தில் இத்துறைக்கு முன்னோடியாகிய சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் தன்முயற்சி பற்றி எழுதியபோது, பொறியாளர், கைவினைஞர் முதலியோரின் வரலாறுகளைச் சான்றாக அடுக்கினார். ஆலனோ வரலாற்றுச் சான்றுகளைப் பெரிதும் நாடவில்லை. எண்ணம் விதை, செயல் பூ, இன்பதுன்பங்கள் கனி என்னும் முறையில் ஓர் இயற்கை விதியாகவே தம் கொள்கையை நிறுத்தினார். அவர் நூலில் வெற்றிக்கு இருவேறு இலக்கணங்கள் அமைந்துள்ளன. அவை ஒன்றோடொன்று பொருந்தாமையை ஆராய்ச்சியாளர் கருதுதல் வேண்டும்.

முதல் இலக்கணம் இரண்டாம் இயலில் உள்ளது. மனிதனின் புறச்சூழல் அவன் எண்ணத்தின் விளைவே என்பது அதன் சாரம். ஆலன் இதனை எல்லைவரை கொண்டு செல்கின்றார். ஒருவன் அறச்சாலையிற் பிச்சையேற்கவோ சிறையில் அடைபடவோ நேர்வது ஊழின் கொடுமையாலும் சூழலின் கொடுமையாலும் அன்று. அவனுடைய தாழ்ந்த எண்ணங்களும் இழிந்த ஆசைகளுமே அவனை அங்குக் கொண்டு சேர்க்கின்றன என்று அவர் துணிந்து கூறுகின்றார். நல்லவர் வறுமையுறுவதும் தீயவர் செழிப்பதும் உலகில் உண்டே என்னும் தடையை அவர் அறியாதவரல்லர். நல்லவரிடத்தும் ஏதோ ஒரு பக்கம் குறையுண்டு, தீயவரிடத்தும் ஏதோ ஒரு பக்கம் நிறையுண்டு, நாம் மேலோட்டமாகப் பார்த்து முடிவு செய்கின்றோம் என்பது அவர் விடை.

இரண்டாம் இலக்கணம் நான்காம் இயலில் உள்ளது. குறிக்கோள் உடையவன் மீண்டும் மீண்டும் தோற்றாலும் அம்முயற்சியால் அவன் பெற்ற உள்ளத்திண்மையே அவனுடைய மெய்யான வெற்றிக்கு அளவாகும் என்கின்றார் ஆலன். இது முன்னதினும் உயர்ந்த கருத்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனிடையே அவர் ஒரு தொடரைச் செருகுகின்றார். மனத்தின் வலியின்மை நீங்கும்வரை தோல்வி நேர்ந்தே தீரும் என்பதே அது. ஆகவே இங்கும் தோல்விக்குக் காரணம் தோற்றவனிடத்தே வைக்கப்படுகின்றது. வலியுடையவனும் தோற்கக்கூடும் என்பதற்கு ஆலன் நூலில் இடமில்லை.

3. சிறையில் நிகழ்ந்த மொழிபெயர்ப்பு

இக்கொள்கையைத் தமிழிற் பெயர்த்தவர் யாவர், எங்கிருந்து பெயர்த்தார் என்பவற்றை நோக்கும்போதுதான் இவ்வாராய்ச்சியின் முடிச்சு புலனாகின்றது. வ. உ. சி. 1908 மார்ச்சு 12ஆம் நாள் கைது செய்யப்பெற்றார். அவ்வாண்டு சூலை 7ஆம் நாள் இராசத்துரோகக் குற்றத்திற்கும் அதற்குத் துணைபோன குற்றத்திற்குமாக இரட்டை ஆயுள்தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். 'மனம்போல வாழ்வு' 1909க்குரிய நூல். அஃதாவது அவர் சிறையிலிருந்த காலத்தது.

சிறைப்பட்டவன் தன் இழிந்த எண்ணத்தாலேயே சிறைப்பட்டான் என்று கூறும் நூலை, நாட்டின்பொருட்டுச் சிறைப்பட்ட ஒருவர் சிறையிலிருந்துகொண்டே தமிழாக்கினார். இலக்கிய வரலாற்றில் இத்தகைய நிலை அரிது. அவர் அக்கருத்தை எவ்வாறு ஏற்றார்? தம்மை அதற்கு விலக்காகக் கருதினாரா? அன்றித் தம் துன்பத்திற்கும் தாமே காரணம் என்று அடங்கினாரா? இவ்வினாக்கட்கு விடையை அவர்தம் உள்ளத்துட் புகுந்து தேடுதல் எம்மனோர்க்கு இயலாது, முறையுமன்று. ஆயினும் அவர் செய்த பிற நூல்கள் நமக்கு வழிகாட்டுகின்றன.

கண்ணனூர்ச் சிறையில் அவர் இயற்றிய 'மெய்யறம்' 125 அதிகாரங்கள் உடையது. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து இயல்களாகப் பகுக்கப்பெற்றது. அதிகாரந்தோறும் பத்து என்னும் குறளின் அமைப்பை அது தழுவி நிற்கின்றது. அதன் மாணவரியலில் விதியின் இயல்பை அறிதல் தனி அதிகாரமாகவே வைக்கப்பட்டுள்ளது. விதியாவது செய்த வினையின் விளைவு என்பது அங்கு அவர் கொள்ளும் நெறி. இஃது ஆலனோடு ஒருபுடை ஒத்த கருத்தே. வேறுபாடும் உண்டு. ஆலன் எண்ணத்தைக் காரணம் என்றார். வ. உ. சி. வினையைக் காரணம் என்றார். எண்ணத்திலிருந்து வினைக்கு வந்தவுடனே குறளின் நிலத்தில் கால் வைத்தாயிற்று. ஏனெனில் பொருட்பாலில் வள்ளுவர் முயற்சி பற்றிக் கூறுவன யாவும் வினை என்னும் சொல்லைச் சுற்றியே அமைந்துள்ளன.

4. தலைப்புகள் காட்டும் நெறி

வ. உ. சி. ஆலனின் நூல்களைத் தழுவி நான்கு நூல்கள் தந்தார். மனம்போல வாழ்வு (1909), அகமே புறம் (1914), வலிமைக்கு மார்க்கம் (1916), சாந்திக்கு மார்க்கம் (1934) என்பன அவை. இந்நான்கு தலைப்புகளிலும் செல்வம் என்னும் சொல்லோ வெற்றி என்னும் சொல்லோ இல்லை. வாழ்வு, அகம், வலிமை, சாந்தி என்பனவே உள்ளன. ஆலன் 1911இல் செழிப்பிற்கு எட்டுத் தூண்கள் என்னும் பொருள்பட ஒரு நூல் எழுதினார். மேற்கூறிய நான்கனுள் அதற்கு இடமில்லை.

'மனம்போல வாழ்வு' என்னும் தொடர், மனம்போல் மாங்கல்யம் என்னும் பழமொழியின் ஓசையிலே பிறந்தது. ஆகவே அது தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றவில்லை. 'அகமே புறம்' என்பது இன்னும் ஆழ்ந்த ஆராய்ச்சிக்குரியது. மூலத்தின் ஆங்கிலத் தலைப்பு உள்ளத்தினின்றும் புறப்படுதலை மட்டும் குறிக்கின்றது. தமிழ்த் தலைப்போ அகத்தையும் புறத்தையும் ஒன்றாக்கி, ஏகாரத்தால் அதனைத் தேற்றமும் செய்கின்றது. அகம் புறத்திற்குக் காரணம் என்பது ஒரு கூற்று. அகமே புறம் என்பது வேறொரு கூற்று. தமிழ்ப் பொருளிலக்கணம் அகத்தையும் புறத்தையும் தொடர்புடையனவாகக் கொண்டபோதும் ஒன்றாகக் கொள்ளவில்லை. இத்தலைப்பின் அழகு மறுக்கவொண்ணாதது. அவ்வழகினுள்ளே ஆலனின் முதல் இலக்கணம் தன் முழுக் கடுமையோடும் ஒளிந்திருக்கின்றது என்பதும் அவ்வாறே மறுக்கவொண்ணாதது.

5. பண்புகளின் வரிசை

ஆலன் கூறிய எட்டுத் தூண்களாவன ஊக்கம், சிக்கனம், நேர்மை, ஒழுங்கு, பிறர்பால் இரக்கம், வாய்மை, நடுவுநிலை, தன்னம்பிக்கை என்பன. இவ்வெட்டற்கும் குறளில் இடமுண்டு. ஊக்கமுடைமை (60), மடியின்மை (61), ஆள்வினையுடைமை (62), வினைத்திட்பம் (67), வினைசெயல்வகை (68) ஆகிய அதிகாரங்களைப் படிப்பார்க்கு இது வெளிப்படை. பண்புகளின் பட்டியலை மட்டும் ஒப்பிட்டால் இருவரும் ஒன்றே கூறினர் எனலாம். முன்னேற்ற நூலார் பலரும் இவ்வளவிலே நின்றுவிடுகின்றனர். வேறுபாடு பட்டியலில் இல்லை, வரிசையில் உள்ளது.

60 முதல் 63 வரையுள்ள நான்கு அதிகாரங்கள் அரசியலின் முடிவில் நிற்பன. ஊக்கம் கூறி, அதற்குப் பகையாகிய மடியை விலக்கி, ஆள்வினையை விதித்த வள்ளுவர் அடுத்து எதனைக் கூறியிருத்தல் கூடும்? ஆள்வினையின் பயனாகிய வெற்றியைக் கூறுவார் என்றே கற்பார் எதிர்பார்ப்பர். குறளிலோ வெற்றி என்னும் பெயரால் ஓர் அதிகாரமும் இல்லை. ஆள்வினையுடைமையின் பின் வள்ளுவர் வைத்தது இடுக்கணழியாமை (63). முயன்றவனுக்கு அடுத்து வருவது துன்பமாகவும் இருக்கலாம், அதனை எதிர்நோக்கி நில் என்பதே இவ்வைப்புமுறையின் பொருள். தெய்வத்தாலும் பொருளின்மையாலும் உடல்வருத்தத்தாலும் வினைசெய்வானுக்கு இடுக்கண் வரலாம் என்று பரிமேலழகர் இவ்வதிகாரத்திற்கு மூன்று காரணங்கள் காட்டுவர். அம்மூன்றனுள் ஒன்றேனும் வினைசெய்வானின் தாழ்ந்த எண்ணம் அன்று என்பது குறிக்கொளத்தக்கது.

இவ்வாறே 66, 67, 68 ஆகிய மூன்றன் வரிசையும் நோக்கத்தக்கது. வினைத்தூய்மை முதலிலும், வினைத்திட்பம் இடையிலும், வினைசெயல்வகை இறுதியிலும் நிற்கின்றன. தூய்மை இன்னதென்று தெளிந்த பின்னரே திட்பம் பேசப்படுகின்றது. திட்பம் பெற்ற பின்னரே வழிவகை பேசப்படுகின்றது. முன்னேற்ற நூல்களில் மிகுதியாக ஆளப்பெறும் குறட்பா 666ஆவது. எண்ணியவர் திண்ணியராயின் எண்ணியதை எண்ணியவாறே அடைவர் என்பது அதன் கருத்து. அதனைத் தனியே எடுத்து நிறுத்தினால் ஆலனின் குரலே கேட்கும். ஆனால் 66ஆம் அதிகாரத்தைக் கடவாது 67இல் ஒருவரும் புகவியலாது. அங்கே, பெற்ற தாயின் பசியைக் காண நேரினும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யற்க என்று 656 விலக்குகின்றது. பழிசுமந்து பெற்ற செல்வத்தினும் சான்றோரின் மிக்க வறுமையே மேலானது என்று 657 துணிகின்றது. வஞ்சத்தால் பொருள் சேர்த்தலைச் சுடாத மண்கலத்தில் நீரூற்றி வைத்தலோடு 660 ஒப்பிடுகின்றது. ஆகவே எண்ணியதெல்லாம் எய்துதல் வெற்றியன்று. எய்தத்தக்கதை எய்துதலே வெற்றி. சூதில் வென்றதும் வெற்றியன்று, மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு அது என்று 931 கூறுவதும் இக்கருத்தினையே வலியுறுத்தும்.

6. ஊழும் பழியும்

இனி ஊழ் பற்றிய தடை எழும். 380இல் ஊழின் வலியதொன்று இல்லை என்றவர், 620இல் உலைவின்றி முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்றாரே, இது முரணன்றோ என்பர். ஊழ் ஒருமுறை இருமுறை தடுக்குமேயன்றிப் பன்முறை முயல்வாரைத் தடுத்தல் அரிது என்னும் கருத்துப்படப் பரிமேலழகர் இதற்கு அமைதி கூறினார். அவ்வமைதி ஏற்கத்தக்கதே. எனினும், இம்முரணைத் தீர்க்கும் திறவுகோல் 620இல் இல்லை. அதற்கு முன்னுள்ள இரு பாக்களில் உள்ளது என்று யாம் கருதுகின்றோம்.

619 கூறுவது யாது? ஊழால் ஒரு பயன் கூடாது போயினும், முயற்சி தன் உடல் வருந்திய அளவிற்குக் கூலி தரும் என்பது. இங்கே வள்ளுவர் பயனை இரண்டாகப் பிரிக்கின்றார். கருதிய பயன் ஒன்று. முயன்றமைக்குரிய கூலி மற்றொன்று. முன்னது பலவற்றின் கூட்டத்தால் வருவது. பின்னது முயன்றவனை விட்டு நீங்காதது. 618 இதனினும் ஆழ்ந்தது. நல்லூழ் இல்லாமை எவர்க்கும் பழியாகாது. அறியவேண்டுவன அறிந்து முயலாமையே பழி என்பது அதன் கருத்து. வெற்றிக்கு நேர்முகமாக இலக்கணம் கூறாத வள்ளுவர், தோல்வி இன்னதென்று இங்கே வரையறுத்துவிட்டார். பொருளின்மை தோல்வியன்று. பதவியின்மை தோல்வியன்று. அறிந்தும் முயலாமை ஒன்றே தோல்வி. பழிக்கத்தக்கது எதுவோ அதனைக் கொண்டே போற்றத்தக்கதையும் உணர்தல் வேண்டும் என்பது இதனாற் போதரும்.

இவ்விலக்கணத்தோடு 596ஐயும் சேர்த்து நோக்குக. எண்ணுவதெல்லாம் உயர்ந்ததாகுக, அது கைகூடாது தவறினும் தவறாமையின் தன்மையுடையது என்கின்றது அப்பா. முயற்சியில் குறைவின்மையின் நல்லோர் அவனைப் பழியார் என்று பரிமேலழகர் காரணம் கூறுவர். ஆலனின் நான்காம் இயற் கருத்தும் இதுவும் பக்கத்தே நிற்கின்றன. ஆயினும் ஓர் இடைவெளி உண்டு. ஆலனுக்குத் தோல்வி என்பது உள்ளத்தின் வலியின்மையைக் காட்டும் அறிகுறி. வள்ளுவர்க்கு அது வலியின்மைக்கு அறிகுறியாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை. யானைமேல் எறிந்து பிழைத்த வேலை ஏந்துதல், முயலின்மேல் எய்து பொருந்திய அம்பை ஏந்துதலினும் இனிது என்று படைச்செருக்கிற் கூறியவர் (772), பிழைத்த கையினை வலியற்ற கை என்றா கருதியிருப்பார்?

செல்வம் பெறுதற்கும் அறிவுடையராதற்கும் உலகியற்கை வேறுவேறாக உள்ளது என்னும் 374ஆம் பாவும் ஈண்டு நினைக்கத்தக்கது. அகமும் புறமும் ஒன்றன்று என்பதற்கு இதனினும் தெளிவான கூற்று வேண்டுவதில்லை. முன்னேற்ற நூல்களுள் இதனை யாம் காண்பது மிக அரிது.

7. மூன்றாவது காரணம்

முயற்சி, ஊழ் என இரண்டே காரணங்கள் உண்டெனக் கொண்டு வாதிடுவோர் குறள் கூறும் மூன்றாவது காரணத்தை மறந்துவிடுகின்றனர். அஃது அரசின் முறையும் முறைகேடும் ஆகும். முறை செய்யாத மன்னன் கோலின்கீழ் வாழுங்கால் இல்லாமையினும் உடைமையே துன்பம் தருவது என்கின்றது கொடுங்கோன்மை அதிகாரத்து 558ஆம் பா. தனிமனிதன் எத்துணைத் திண்ணிய எண்ணத்தோடு ஈட்டினாலும் கோல் கோடியவிடத்து அவ்வீட்டம் அவனுக்கே பகையாகும். எண்ணத்தையே முழுமுதற் காரணமாகக் கொண்ட ஆலன் நூலில் இத்தகைய கருத்திற்கு வாயில் இல்லை.

இதனை வ. உ. சி.யின் வாழ்வே விளக்கும். 1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பத்து இலட்சம் ரூபாய் மூலதனம் குறிக்கப்பெற்றது. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்பது திட்டம். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் தூத்துக்குடி வந்து கொழும்பு வழியில் ஓடின. பொருள், கருவி, காலம், வினை, இடம் என்னும் ஐந்தனையும் இருள் நீங்க எண்ணிச் செய்க என்னும் 675ஆம் பாவின் இலக்கணம் இம்முயற்சியில் நிறைந்திருந்தது. பங்கு திரட்டியது பொருள். கப்பல் கொணர்ந்தது கருவி. சுதேசி உணர்ச்சி மேலோங்கிய காலமே காலம். ஆங்கிலக் கம்பெனியின் தனியாட்சியை உடைத்தல் வினை. கொழும்பை எதிர்நோக்கிய தூத்துக்குடி இடம். எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். கட்டணமின்றியும் ஏற்ற முன்வந்தனர். பின்னர் ஆட்சியின் கை நீண்டது. முயற்சியின் உயிராயிருந்தவர் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைந்தது.

இதனை ஊழ் என்றல் பொருந்துமா? பொருந்தாது. ஆட்சியின் வினையை ஊழின் தலையில் ஏற்றினால் கொடுங்கோன்மை என்னும் அதிகாரமே வேண்டாததாய்விடும். எண்ணத்தின் குறை எனலாமா? அவ்வாறு கூறுவார் முயற்சியை அறியார். ஆலனின் முதல் இலக்கணத்தால் அளந்தால், சிறையும் அதன்பின் வழக்கறிஞர்ச் சன்னதின்றிச் சென்னையிற் பட்ட வறுமையும் சிதம்பரனாரின் உள்ளத்தாழ்விற்குச் சான்றாகிவிடும். அளவுகோலின் பிழையை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல சான்று வேண்டுவதில்லை. 618இன் கோலால் அளந்தால், பழி ஒருசிறிதும் அவரைச் சாராது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். பிற்காலத்தில் நாடு அவரைப் போற்றியது. 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. ஆதலின் அவர் இறுதியில் வென்றார் என்று சிலர் முடிப்பர். இது நன்றி உணர்வால் எழுந்த கூற்றாயினும் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. பின்வந்த புகழைக் கொண்டு வெற்றியை நிறுவின், விளைவையே அளவாகக் கொள்ளும் பழைய கோலினையே மீண்டும் கையில் எடுத்தவராவோம். ஒரு துறைமுகத்திற்கும் பெயர் சூட்டப்பெறாது மறைந்த முயற்சியாளர் எண்ணிலர். 618உம் 619உம் அவர்கட்கும் உரியன. சிறை நீங்கியபின் அவர் 1917இல் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்ததும், 1928இல் தொல்காப்பிய எழுத்ததிகார இளம்பூரணத்தை வெளியிட்டதும், 1935இல், மறைவிற்கு ஓராண்டு முன், அறத்துப்பாலுக்குத் தம் உரையைத் தந்ததும் புகழ் வரும் என்னும் உறுதியால் நிகழ்ந்தவையல்ல. வினை அவரை விடவில்லை. அவரும் வினையை விடவில்லை.

8. தடைகளும் விடைகளும்

முயற்சியின்மை வறுமையிற் புகுத்தும் என்று 616 வெளிப்படையாகக் கூறுகின்றதே, வறியவன் முயலாதவன் என்பதுதானே அதன் முடிவு என்று ஒருவர் கடாவலாம். அளவை நூல் கற்றார் இவ்வாறு கடாவார். முயலாமை வறுமை தரும் என்பதனால், வறுமையெல்லாம் முயலாமையால் வந்தது என்பது பெறப்படாது. நெருப்புள்ளவிடத்து வெம்மை உண்டு என்பதனால், வெம்மையுள்ளவிடமெல்லாம் நெருப்புண்டு என்பது பெறப்படாதவாறு போல. வள்ளுவர் சோம்பியிருந்து இல்லை என்பாரை நிலமகள் நகுவாள் என்று 1040இல் இகழ்ந்தார். அவரே இரந்துதான் உயிர்வாழ வேண்டும் எனின் உலகைப் படைத்தவன் அலைந்து கெடுக என்று 1062இல் வெகுண்டார். முன்னதில் பழி மடியன்மேல் சென்றது. பின்னதில் பழி இரப்பவன்மேற் செல்லாது அமைப்பின்மேற் சென்றது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தமையே வள்ளுவரின் பெருமை.

முயற்சியே அளவெனின், அறிவின்றி முயல்வோனும் வென்றவன் ஆவானோ என்பது மற்றொரு தடை. ஆகான். 618 வெறும் முயற்சியைக் கூறவில்லை. அறியவேண்டுவன அறிந்து செய்யும் முயற்சியைக் கூறுகின்றது. வருகின்ற ஊதியம் கருதி முதலை இழக்கும் வினையில் அறிவுடையார் ஊக்கார் என்று 463 தடுக்கின்றது. நெறியல்லா நெறியில் முயன்ற வினை பலர் நின்று காப்பினும் பழுதாகும் என்று 468 எச்சரிக்கின்றது. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் (47–50) ஆகிய நான்கும் முன்னரே வைக்கப்பட்டமைக்குக் காரணமும் இதுவே. ஆகவே இக்கொள்கை தோல்விக்குச் சாக்காக அமைவதன்று. முயற்சியின் பொறுப்பைக் குறைக்காமலே விளைவின் பழியை நீக்குவது.

ஊக்கமுடைமை முதலியன அரசனையும் அமைச்சனையும் நோக்கிக் கூறப்பட்டவை. அவற்றைத் தனிமனிதர்க்கு உரியனவாக்கல் பொருந்துமோ என்பாரும் உளர். 595இல் நீரின் அளவே மலரின் தாள்நீளம், மாந்தர்தம் உள்ளத்தின் அளவே உயர்வு என்றவிடத்து, வள்ளுவர் அரசர் என்னாது மாந்தர் என்றே கூறினார். ஆதலின் இப்பண்புகள் எல்லார்க்கும் பொதுவாதல் அவர்க்கு உடம்பாடே. உயர்வு என்னும் சொல்லையும் நோக்குக. உள்ளத்தின் அளவாவது உயர்வு என்றாரேயன்றிச் செல்வம் என்றாரல்லர்.

9. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஆலன் தனிமனிதன் வெற்றியைப் புறச்சூழலோடு பிணைத்தார். அதனால் துன்புறுவோரைக் குற்றவாளியாக்கும் முடிவிற்கு வந்தார். அவரே உள்ளத்திண்மையை வெற்றிக்கு அளவாக்கி வேறொரு வழியும் காட்டினார். அதனை முற்றக் கொண்டு செலுத்தவில்லை. வ. உ. சி. அவரைத் தமிழிற் கொணர்ந்து, எண்ணத்தோடு வினையையும் சேர்த்து, குறளின் பக்கத்தில் வைத்தார். குறளோ எய்தும் ஆக்கத்தையும் உள்ளத்தின் உயர்வையும் பிரித்து, முன்னதற்கு முயற்சியோடு ஊழும் ஆட்சியும் காரணமாதலை ஏற்று, பின்னதை மனிதன் கையிலேயே விட்டது. தூய்மை, திட்பம், அறிவோடு கூடிய ஆள்வினை, இடுக்கணில் அழியாமை என்னும் நான்கும் அவ்வுயர்விற்குரிய பண்புகள்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கல்லூரி வகுப்புகளிலும் பேச்சுப்போட்டி மேடைகளிலும் 666ஆம் பா முழங்கப்படுகின்றது. கேட்டிருக்கும் மாணவருள் ஒருவன் தன் தந்தை விடியலிற் சென்று இருளில் மீண்டும் கடன் தீராமை கண்டவனாக இருத்தல் கூடும். எண்ணியதெல்லாம் எய்தலாம் என்பதை மட்டும் அவனுக்குக் கற்பித்தால், தன் தந்தை திண்ணமாக எண்ணவில்லை என்றன்றோ அவன் கருதுவான்? அவ்வாறு கருதச் செய்தல் வள்ளுவர் நெறியாகாது. 666ஐக் கற்பிக்கும் ஆசிரியர் அதனோடு 618, 657, 558 ஆகிய மூன்றையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். அப்போதே மாணவன் ஊக்கத்தையும் பெறுவான். முயன்றும் எய்தாதாரை இகழாமையையும் பெறுவான்.